புது ஆற்றங்கரையில் தார் வேண்டாம். ஒரு கரையைச் சைக்கிளுக்கு விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பொதுப்பணித் துறையில் 31 வருஷம் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். லஸ்கர் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிற ஏழெட்டு மாதமும் கரையிலேயே கிடந்து, எங்கே கசிகிறது, எங்கே நண்டு வளை விழுந்திருக்கிறது, எந்த மதகை ராத்திரியில் யார் திறந்துவிட்டார்கள் என்று பார்க்கிற வேலை. என் பிழைப்பு முழுக்கக் கல்லணைக் கால்வாயோடுதான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் அதைப் புது ஆறு என்போம். காவிரியும் வெண்ணாறும் காலம் காலமாக ஓடுகிறவை. இது மேட்டூர் அணை கட்டி முடித்த 1934-இல் வந்தது. தொண்ணூறு வருஷம் ஆகியும் எங்களுக்கு அது புது ஆறுதான். பூதலூர் வட்டாரத்தில் ஒன்பது கிலோமீட்டர் கரை என் பொறுப்பில் இருந்தது. போக ஒன்பது, வர ஒன்பது, வெள்ளம் வந்தால் ராத்திரி இன்னொரு தடவை. எல்லாம் சைக்கிளில்.

இந்தக் கடிதம் எழுதக் காரணம், சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கரையில் டேப் பிடித்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டதற்கு, "கரைக்குத் தார் ரோடு வருது பெரியவரே, நல்லதுதானே" என்றார்கள். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அன்று சோறு இறங்கவில்லை. ஓர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், பதில் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தார் போடாத கரை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 28 மேட்டூர் அடைக்கிற நாள். அதற்குப் பிறகு ஆற்றில் தண்ணீர் வடிந்து, ஆங்காங்கே குட்டையாக நிற்கும். கரையில் வனத்துறை வைத்த தேக்கு மரங்கள் அந்தச் சமயத்தில்தான் இலை உதிர்க்கும். ஒவ்வோர் இலையும் ஒரு முறம் அகலம். மாசி மாதத்துக் காலையில் கரையில் சைக்கிள் விட்டால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சக்கரத்துக்கடியில் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மயில் எழுந்து எதிர்க்கரைக்குப் பறக்கும். ஆனி மாதம் கல்லணையில் நெல்லும் பூவும் தூவித் தண்ணீர் திறப்பார்கள். அப்போது தேக்கு மறுபடி தழைத்து நிற்கும். கொழுந்து இலையைப் பறித்து உள்ளங்கையில் கசக்கினால் மருதாணி வைத்தது போலச் சிவக்கும். பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திக் கசக்கி, யார் கை அதிகம் சிவப்பு என்று பார்ப்பார்கள். என் மகளும் அப்படிக் கையைக் கறையாக்கிக்கொண்டு வந்து அவள் அம்மாவிடம் திட்டு வாங்கியவள்தான்.

தரை வல்லத்துப் பக்கத்துச் செம்மண் கிராவல். அடித்துப் பரப்பித் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கிவிட்டால் நாலைந்து வருஷம் நிற்கும். நடுவில் மேடு, இரண்டு ஓரமும் இறக்கம். மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். மழை விட்டு ஒரு மணி நேரத்தில் சைக்கிள் போகலாம். சேறு ஒட்டாது, சக்கரமும் வழுக்காது. காலில் செருப்பில்லாமல் நடந்தாலும் சித்திரை வெயிலில் சுடாது. அதே வெயிலில் தார் ரோட்டில் கால் வைத்துப் பாருங்கள்.

தார் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் யூகம் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்குக் கிழக்கே ஒரு பகுதியில் நான் வேலையில் இருக்கும்போதே போட்டார்கள். போட்ட மறுமாதம் கார் வந்தது, அப்புறம் டிராக்டர், அப்புறம் ராத்திரியில் மணல் டிப்பர். மெயின் ரோட்டில் சோதனை இருக்கும், கரையில் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு தை மாத ராத்திரி, பத்தரை மணி இருக்கும். மதகு பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். எதிரே முகவிளக்கே போடாமல் ஒரு டிப்பர். ஒதுங்க இடமில்லை. சைக்கிளோடு உள்சரிவில் உருண்டேன். அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் இடுப்பளவுதான் என்பதால் பிழைத்தேன். இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்றைக்கும் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, சட்டை மாட்ட என் மனைவி உதவ வேண்டும். டிப்பர் நிற்கவில்லை. யாருடையது என்று எனக்குத் தெரியும், அதை எழுதி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை.

இன்னொன்று, இது லஸ்கருக்கு மட்டும் தெரிந்த விஷயம். கரை உடைகிறதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் உடையும். கரை மேலே ஒரு சாண் அகலத்துக்கு மண் லேசாக உள்வாங்கும். வெளிச்சரிவில் காய்ந்த புல்லுக்கு நடுவே ஒரு திட்டு மட்டும் பச்சையாகத் தெரியும். கிட்டே போய்க் கையை வைத்தால் ஈரம். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். கலங்கலாக வந்தால் மண்ணையும் சேர்த்து அரித்துக்கொண்டு வருகிறது, உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். கிராவல் கரையில் மேலே விழுகிற பள்ளம் சைக்கிளில் போகும்போதே சக்கரத்துக்குத் தெரிந்துவிடும். தார் போட்ட கரையில் தார் மேலே பாலம் போல நின்றுகொண்டிருக்கும், கீழே மண் போய்விட்டிருக்கும். பாரவண்டி ஏறுகிற அன்றைக்குத்தான் தெரியும். கரையை ஜீப்பில் உட்கார்ந்து பார்க்க முடியாது ஐயா. நடந்து பார்க்கலாம், இல்லையென்றால் சைக்கிளில் பார்க்கலாம்.

இதையெல்லாம் நான் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருப்பேன். போன வருஷம் அமெரிக்கா போய் வந்ததுதான் எழுதவைத்தது. கையில் தேக்குக் கறையோடு வந்த அதே மகள் இப்போது மேரிலாந்தில் வேலை பார்க்கிறாள். ஆறு மாதம் அங்கே இருந்தோம். முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே இருந்து எனக்குக் காலெல்லாம் பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை, "மாமா, வாங்க, உங்க ஆத்தங்கரை மாதிரி ஒரு இடம் காட்டறேன்" என்று காரின் பின்னால் சைக்கிள்களை மாட்டிக்கொண்டு கூட்டிப் போனார்.

போடோமாக் என்று ஓர் ஆறு. அதை ஒட்டியே ஒரு பழைய கால்வாய், செசபீக் – ஒஹாயோ கால்வாய் என்று பெயர். வாஷிங்டனில் ஆரம்பித்து கம்பர்லாந்து என்கிற ஊர் வரைக்கும் 297 கிலோமீட்டர். நம் புது ஆறு கல்லணையிலிருந்து மும்பாலை வரைக்கும் 148 கிலோமீட்டர், அதில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பாசனக் கால்வாய் இல்லை, படகு விடுவதற்கு வெட்டியது. கரையில் கோவேறு கழுதை நடக்கும், கழுதைக்குக் கட்டிய கயிறு படகை இழுக்கும். 1924 வெள்ளத்தோடு படகு நின்றுபோனது. கழுதை நடந்த அந்தக் கரைதான் இப்போது சைக்கிள் பாதை. தார் கிடையாது. பொடிக்கல்லும் மண்ணும் போட்டு இறுக்கிய தரை. இரண்டு பக்கமும் வானம் தெரியாத காடு. ஒரு கார் கிடையாது, பைக் கிடையாது. வழியில் சில மைலுக்கு ஒரு இடத்தில் அடிபம்பும் கூடாரம் போட இடமும் வைத்திருக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. நடந்து போகிறவருக்குச் சைக்கிள் வழி விட வேண்டும், மணி அடித்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். கால்வாய் இன்னொரு ஓடையைத் தாண்டுகிற தொட்டிப்பாலங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அங்கே சட்டம் இவ்வளவுதான்.

மாப்பிள்ளை எனக்குக் கொடுத்தது கிராவல் பைக். "மாமா, இது தார் இல்லாத வழியில ஓட்டறதுக்குன்னே செஞ்சது. டயர் பாருங்க, நாப்பது மில்லிமீட்டர். ரேஸ் சைக்கிள் டயரெல்லாம் இதுல முக்கால்வாசிகூட இருக்காது. காத்தையும் கொஞ்சம் கம்மியா வெச்சுக்கணும், அப்பத்தான் கல்லுமேல குதிக்காது" என்றார். நான் குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன். என் ஹெர்குலிஸ் சைக்கிளுக்கு 28-க்கு ஒன்றரை டயர். அதுவும் இதே அகலம்தான். கிராவல் கரைக்கு எந்த டயர் வேண்டும் என்று எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரருக்கு ஐம்பது வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. காற்றைக் கொஞ்சம் குறைத்து வைப்பதும் நாங்கள் செய்ததுதான். 2022-இல் இத்தாலியில் இந்த கிராவல் ஓட்டத்துக்கு உலக சாம்பியன் போட்டியே வைத்தார்களாம். மாப்பிள்ளை சொல்லச் சொல்ல எனக்கு வேலையில் இருந்த காலம் முழுக்கக் கண் முன்னால் வந்துவிட்டது.

பேத்திக்கு ஏழு வயது. அவளுடைய சின்னச் சைக்கிளில் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஐந்து கிலோமீட்டர் போயிருப்போம். அதுவரை ஒருவர்கூட அவளைப் பார்த்து "ஓரமா போ" என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஊரில் இருந்திருந்தால் நூறு தடவை கத்தியிருப்பேன். அவள் பாட்டுக்கு நடுப்பாதையில் வளைந்து வளைந்து ஓட்டினாள், ஆமை கட்டையில் ஏறி வெயில் காய்வதைப் பார்க்க நின்றாள், மறுபடி ஏறிப் போனாள்.

ஒரு லாக் பக்கத்தில் உட்கார்ந்தோம். படகை மேலே ஏற்றி இறக்குகிற தொட்டி அது, அந்தக் கால்வாயில் 74 இருக்கின்றன. பக்கத்தில் வெள்ளையடித்த சின்ன வீடு. லாக் கதவைத் திறந்து மூடுகிற ஆள் குடும்பத்தோடு இருந்த வீடாம், ராத்திரி எந்நேரம் படகு வந்து குரல் கொடுத்தாலும் எழுந்து வர வேண்டுமாம். என் மனைவி என்னைப் பார்த்தாள். மதகுக்காக நடு ராத்திரியில் எத்தனை தடவை கதவைத் தட்டி என்னை எழுப்பியிருக்கிறார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அந்த லாக் சுவரின் கல் ஓரத்தில் விரல் பருமனுக்குப் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. படகுக் கயிறு உரசி விழுந்த தடம். நம் ஊர்க் கிணற்றுக் கல்லில் தாம்புக்கயிறு பதிந்திருக்குமே, அச்சு அசல் அப்படியே. அதில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கேதான் மாப்பிள்ளை ஒரு சங்கதி சொன்னார். படகு நின்றுபோன பிறகு இந்தக் கரை வழியாகக் கார் ஓடுகிற ரோடு போடத் திட்டம் வந்திருக்கிறது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை, ரோடு வரட்டும் என்று தலையங்கம் எழுதியது. வில்லியம் டக்ளஸ் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர். அவர் வழக்குப் போடவில்லை, தீர்ப்பும் எழுதவில்லை. அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் எழுதினார். தலையங்கம் எழுதியவர் என்னோடு இந்தக் கரையில் முழுத் தூரமும் நடந்து வரட்டும், பிறகு எழுதட்டும் என்று கூப்பிட்டார். பத்திரிகைக்காரர்களும் சரியென்று வந்தார்கள். மார்ச் மாதக் குளிரில் கம்பர்லாந்தில் புறப்பட்டு எட்டு நாள் நடை. ஏராளமான பேர் கிளம்பியதில் முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் ஒன்பது பேர், நீதிபதி அதில் ஒருவர். நடந்து வந்த பிறகு அந்தப் பத்திரிகை பழைய நிலையிலிருந்து இறங்கி வந்து எழுதியது. ரோடு வரவில்லை. 1971-இல் கால்வாயும் கரையும் முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயின. ஒரு ஆசிரியர் கடிதத்தில் ஆரம்பித்த காரியம்.

நான் நீதிபதி இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்த லஸ்கர். ஆனாலும் நம் கரையை எனக்குத் தெரிந்த அளவுக்கு ரோடு போட வருகிறவர்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்ல முடியும்.

கரை விவசாயிக்கு வேண்டும், மறுக்கவில்லை. அறுவடை மெஷின் வயலில் இறங்க வேண்டும், நெல் மூட்டை கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டும். எனக்கும் இரண்டு மா நிலம் இருக்கிறது. ஆனால் ஆற்றுக்கு இரண்டு கரை. பெரும்பாலான இடங்களில் ஒரு கரையில் ஏற்கெனவே வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நன்றாகச் செப்பனிட்டு விவசாய வண்டிகளுக்குக் கொடுங்கள். மற்றக் கரையைக் கிராவலாகவே விடுங்கள். ஒவ்வொரு பாலத்தடியிலும் இரண்டு கல்தூண் நடுங்கள், நடுவில் சைக்கிளும் ஆளும் ஆடு மாடும் நுழைகிற அளவுக்கு இடம் விட்டு. பக்கத்தில் ஒரு இரும்புக் குறுக்குக்கட்டை போட்டுப் பூட்டி, சாவியை லஸ்கரிடம் கொடுங்கள். வெள்ளக் காலத்தில் மணல் மூட்டை லாரி வர வேண்டுமென்றால் ஒரு நிமிஷத்தில் திறந்துவிடலாம். உடைப்பு வந்தால் தார் ரோடு இல்லாமல் லாரி எப்படி வரும் என்று கேட்கிறார்கள். இறுக்கிய கிராவலில் லாரி வரும். உடைப்பு அடைக்க மணல் மூட்டை அடுக்கிய ராத்திரிகளில் நாங்கள் அப்படித்தான் வரவழைத்தோம்.

இந்த வழி யாருக்கு என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வருகிற பையன்களுக்கு மட்டும் இல்லை. அவர்களும் வரட்டும், வந்தால் நல்லதுதான். கல்லணையில் புறப்பட்டுத் தேக்கு நிழலிலேயே வந்து, தஞ்சாவூரில் பெரிய கோயில் கோபுரம் தெரிகிற வரைக்கும் ஆற்றோரமாகவே ஓட்டலாம் என்றால் வெளியூர்க்காரர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். வழியில் இளநீர் விற்கிறவருக்கும் டீக்கடைக்காரருக்கும் நாலு காசு கிடைக்கும். ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கிற இலவச சைக்கிள். ஒவ்வொரு வருஷமும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வாங்கி எங்கே ஓட்டுகிறார்கள்? மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில். பயந்துபோய்ப் பாதிப் பேர் வீட்டில் சைக்கிளைச் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். எங்கள் தெருவிலேயே இப்படி மூன்று சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கிறது. கரை வழியாகப் போனால் பள்ளிக்கூடத்துக்கு நாலு கிலோமீட்டர், வழியெல்லாம் நிழல்.

2021-இல் ஆரம்பித்து, 2,600 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பீட்டில் கல்லணைக் கால்வாய்ச் சீரமைப்பு நடக்கிறது. ஆற்றுக்குள்ளே கான்கிரீட் போடுவது சரியா தப்பா என்று விவசாய சங்கத்தார் பேசுகிறார்கள். அவர்கள் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். நான் கேட்பது கரையின் மேல்புறத்தைப் பற்றி மட்டும். இத்தனை கோடியில் கல்தூண் நடுவதற்கும் வருஷத்துக்கு ஒரு தடவை கிராவல் தட்டுவதற்கும் எவ்வளவு ஆகிவிடும்? தேக்கில் ஒரு மரத்தைக்கூட ரோட்டு அகலத்துக்காக வெட்ட வேண்டியிராது. கரை வேலை செய்கிற காலம் மாசியிலிருந்து வைகாசி வரைக்கும்தான். அதற்குள் முடிவெடுத்தால்தான் உண்டு. ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டால் பிறகு கரையில் ஒருவரும் கைவைக்க முடியாது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகையிலும் முன்பு ஒருமுறை ஆற்றங்கரைகளைத் தார்ச்சாலையாக்க வேண்டும் என்று செய்தி வந்திருந்தது. குறை சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பீர்கள். அதனால் நானும் உங்களைக் கூப்பிடுகிறேன். 148 கிலோமீட்டர் வேண்டாம், என்னுடைய பழைய ஒன்பது கிலோமீட்டர் போதும். சுண்ணாம்புக் கோடு மழையில் அழிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ரயிலில் வந்து பூதலூரில் இறங்குங்கள். ஸ்டேஷன் வாசலில் நான் நிற்பேன். சைக்கிள் இரண்டு கொண்டுவருகிறேன். ஒன்று என் ஹெர்குலிஸ், இன்னொன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இலவச சைக்கிள். இரண்டுக்கும் காற்றைக் கொஞ்சம் குறைத்தே வைத்திருப்பேன். வீட்டில் காலைப் பலகாரம் செய்து வைத்திருப்பாள். எட்டு மணி ஆகிவிட்டால் வெயில் ஏறிவிடும், அதற்கு முன்னால் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாசன லஸ்கர்,
பூதலூர் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.